மரவள்ளிக்கு என்ன குறை?

கரீபியன் உணவகம் எண்டால் தென்னைமரப் படம், ரம், ரெகே பாட்டு எண்டுதான் கனபேர் நினைக்கினம். ஆனால் அந்தத் தட்டில இருக்கிறது சனத்தின்ர கதை. ஜமேக்காவின் ‘பாமி’, டைனோ பழங்குடிகளின் மரவள்ளி ரொட்டி. மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளின் ‘கொலம்போ’ கறி, 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழ் ஒப்பந்தத் தொழிலாளரோட போன சுவை. இண்டைக்கு உணவகங்கள் அதைப் பெருமையா விக்குது.

நாங்கள்? அதே மரவள்ளியை இடம்பெயர்வுக் காலத்துச் சாப்பாடு எண்டு ஒளிக்கிறம். விருந்தாளி வந்தால் ஃப்ரைட் ரைஸ்!

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அம்மாச்சி உணவகங்களில பெண்கள் ஊர்ச் சாப்பாடு சமைச்சு விக்கினம். அவிச்ச மரவள்ளியும் கட்டைச் சம்பலும் அங்க முன்வரிசைக்கு வரவேணும். எந்தக் காலத்தில அது எங்களைக் காப்பாற்றினது எண்டு பக்கத்தில ஒரு பலகையும் வைக்கவேணும்.