கரன்ட் போன சீன்!

'குங்ஃபூ ஹசில்' படத்தின் க்ளைமாக்ஸை நான் முழுசாகப் பார்த்தது போன வாரம்தான். பார்க்காதவர்கள் மன்னிக்கவும், இதில் கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன்.

2012 மின்வெட்டுக் காலம். தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில், திராட்சைப் பந்தலை ஒட்டிய பெரியப்பா வீட்டில், அண்ணனும் நானும் தமிழ் டப்பிங்கில் இந்தப் படம் பார்த்தோம். வீட்டுக்கார அம்மா கத்துகிற கத்தலில் அடியாட்கள் பறக்க, வயிறு வலிக்கச் சிரித்தோம். ஹீரோ சிங் வானத்திலிருந்து இறங்கும் நேரம் பார்த்து கரன்ட் போனது. 'வில்லன் செத்துருப்பான்டா' என்றான் அண்ணன். நானும் நம்பிவிட்டேன்.

சாகவில்லை!

ஸ்டீபன் சௌ இயக்கி நடித்த 2004-ம் ஆண்டு ஹாங்காங் படம் இது. சிறுவயதில், வாய் பேச முடியாத ஒரு சிறுமியின் லாலிபாப்பைக் காப்பாற்றப் போய் அடிவாங்குகிறான் சிங். 'நல்லவன் ஜெயிக்க மாட்டான்' என்று முடிவுகட்டி ரவுடியாகப் பார்க்கிறான். அந்த பயங்கர வில்லனை அடைத்துவைத்த இடத்திலிருந்து வெளியே கொண்டுவருவதே அவன்தான்.

க்ளைமாக்ஸில் மேகத்துக்கு மேலே புத்தரைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை நீட்டியபடி இறங்குகிறான். ஒரே அடியில் வில்லன் தரையில் புதைகிறான். தோற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே விஷ ஊசி வீசுகிறான் அந்த ஆள். சிங் நினைத்தால் அடுத்த அடியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த அடியைச் சுவர் பக்கம் திருப்பிவிடுகிறான். சுவரில் கை வடிவத்தில் ஓட்டை! 'இது என்ன வித்தை?' என்று மிரளும் வில்லனிடம், கற்றுக்கொள்ள விருப்பமென்றால் சொல்லித்தருவதாகச் சொல்கிறான். அவ்வளவு பெரிய ஆள் அழுதபடி மண்டியிடுகிறார்.

பிறகு சிங் ஒரு மிட்டாய்க்கடை திறக்கிறான். அந்தச் சிறுமி, இப்போது வளர்ந்த பெண், வாசலில் வந்து நிற்கிறாள். இருவரும் சிறுவர்களாக மாறிக் கைகோத்துக் கடைக்குள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான் முடிவு.

அடிதடிப் படம் பார்த்து அழுதது எனக்கு இதுதான் முதல்முறை. காரணம் படம் மட்டுமல்ல. கிணற்றுப் பங்குத் தகராறில் எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பேசி ஆறு வருஷமாகிறது. அவர்களுக்காக நானும் அண்ணனும் பேசுவதை நிறுத்தினோம். எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது என்பதுதான் கொடுமை. அடுத்த அடி யாருடையது என்றே இரண்டு வீடும் காத்திருக்கிறது. யாராவது ஒருத்தர் கையைச் சுவர் பக்கம் திருப்ப வேண்டாமா?

நள்ளிரவில் அந்தக் காட்சியை மட்டும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது. இரண்டு நாள் பதிலே இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒரே ஒரு வரி...

'அன்னைக்கு கரன்ட் போன சீன்தானடா இது?'