முறிந்த போல்ட்டின் சாட்சி



சில மாதங்களுக்கு முன், பள்ளிக்குப் புறப்பட்ட என் இளைய மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். ஹேண்டில்பாரை இறுகப் பற்றியிருக்கும் ஸ்டெம்மின் நான்கு போல்ட்களில் ஒன்று தலை முறிந்து விழுந்திருந்தது. "எங்கே கொண்டுபோய் மோதினாய்?" என்று கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. "மீதி மூன்று இருக்கிறதே, ஓட்டிப் போ" என்று சொல்லவும் வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை. முறிந்ததன் பாரம் மற்ற மூன்றின்மேல் ஏறும். அவையும் விட்டுவிட்டால், டெல்லியின் நெரிசலில் பிள்ளையின் கதி என்ன?

அன்று மாலை ஸ்டெம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்கு மெட்ரோவில் சென்றேன். அங்கே முதியவரான ஒரு மெக்கானிக் அதை வாங்கிப் பார்த்தார். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், குறட்டால் பிடித்து இடப்புறமாகத் திருகி எடுத்துவிடலாம். எங்களுடையதோ துளைக்குள் புதைந்திருந்தது. அவர் எண்ணெய் சில சொட்டுகள் விட்டு, அது ஊறும்வரை தேநீர் அருந்தினார். எனக்குத்தான் அவசரம்.

பின்பு துண்டின் நடுமையத்தில் பஞ்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, சிறு குழி உண்டாக்கினார். போல்ட் எஃகு, ஸ்டெம் அலுமினியம். டிரில் சற்றே விலகினாலும் மிருதுவான அலுமினியத்தை அரித்து மரையை அழித்துவிடும். 5 மில்லிமீட்டர் போல்ட்டில் 2.5 மில்லிமீட்டர் துளையிட்டார். அதற்குள் எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தினார். அதன் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. இடப்புறம் திருகத் திருகத் துண்டைக் கவ்வி வெளியே கொண்டுவரும். ஆனால் அது மிகக் கடினமானது, எளிதில் முறியக்கூடியது. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. ஆகவே அவர் சிறுகச் சிறுகத் திருகினார். துண்டு முழுமையாய் வெளிவந்தது.

அதை என் உள்ளங்கையில் வைத்து, "இதை இறுக்கியது யார்?" என்று கேட்டார். முறிந்த இடத்தில் துரு இல்லை. அதனருகே மரை இழுபட்டு மெலிந்திருந்தது. அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம் அது. முந்தின இரவு, ஆலன் கீயில் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு இறுக்கியது நானே.

தகப்பன்மாரே, ஸ்டெம்மின்மேல் இறுக்கவேண்டிய அளவு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் அது 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர்தான். மரையில் சிறிது கிரீஸ் தடவி, நான்கு போல்ட்களையும் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலம் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று எண்ணாதீர்கள். காரணம் அறியுமுன் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

வீடு திரும்பி, முறிந்த துண்டை மகனிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புதியதை நான் பூட்டட்டுமா, அப்பா?" என்றான். ஆலன் கீயை அவனிடம் கொடுத்தேன், குழாயில்லாமல்.