ஹெர்பீஸ் மாத்திரை எச்.ஐ.வி-யைத் தடுக்கவில்லை... அந்த ‘தோல்வி’ ஏன் முக்கியம்?

‘வைரஸை 99 சதவீதம் அழிக்கும் புதிய மருந்து’, ‘ஒரே மாத்திரையில் தீர்வு’... வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரி செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், ‘இந்த மருந்து வேலை செய்யவில்லை’ என்ற செய்தியை யாராவது ஃபார்வர்டு பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அபூர்வம்தான். ஒரு மருந்து பலன் தரவில்லை என்று தெளிவாக நிரூபிக்கும் ஆய்வுக்கும் முதல் பக்கத்தில் இடம் கிடைக்க வேண்டும். ஹெர்பீஸ், எச்.ஐ.வி இரண்டையும் சேர்த்து நடந்த பரிசோதனைகளைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

லாஜிக் பக்காவாகத்தான் இருந்தது

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் டைப் 2, சுருக்கமாக எச்.எஸ்.வி-2. பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் வைரஸ் இது. உலகம் முழுக்க 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 52 கோடி பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்கு அறிகுறியே தெரியாது. ஒருமுறை உடலுக்குள் வந்துவிட்டால் நரம்பு செல்களில் பதுங்கிக்கொள்ளும், அவ்வப்போது தலைகாட்டும்.

எச்.எஸ்.வி-2 இருப்பவருக்கு எச்.ஐ.வி தொற்றும் அபாயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. காரணமும் புரியும்படி இருந்தது. புண் இருக்கும் இடத்தில் தோலின் பாதுகாப்பு உடைந்துவிடும். ஹெர்பீஸை எதிர்க்க அங்கே சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு செல்கள் கூடும். எச்.ஐ.வி நுழையத் தேடுவதும் அதே செல்களைத்தான்.

ஹெர்பீஸுக்கு அசைக்ளோவிர் என்ற மாத்திரை 1980-களிலிருந்தே இருக்கிறது. விலை குறைவு, பக்கவிளைவும் குறைவு. தினமும் இதைப் போட்டால் புண் வராது. புண் வராவிட்டால் எச்.ஐ.வி பரவுவதும் குறையும். கேட்டால் யாரும் தலையாட்டக்கூடிய வாதம்தான்.

பரிசோதனை சொன்னது வேறு

முதல் சோதனை எச்.ஐ.வி இல்லாதவர்களிடம் நடந்தது. எச்.பி.டி.என் 039 என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கா, பெரு, அமெரிக்கா ஆகிய இடங்களில் எச்.எஸ்.வி-2 உள்ள 3,172 பேர் இதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு அசைக்ளோவிர், மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது. அசைக்ளோவிர் போட்டவர்களில் 75 பேருக்கும், போலி மாத்திரை போட்டவர்களில் 64 பேருக்கும் எச்.ஐ.வி வந்திருந்தது. பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த கேள்வி: ஏற்கெனவே எச்.ஐ.வி, ஹெர்பீஸ் இரண்டும் உள்ளவர் மாத்திரை போட்டால், துணைக்குப் பரவாமல் தடுக்க முடியுமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கானி சீலம் தலைமையில் 7 ஆப்பிரிக்க நாடுகளில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி இருக்கும் 3,408 தம்பதிகளிடம் இது சோதிக்கப்பட்டது. தினமும் இரண்டு வேளை 400 மில்லிகிராம், அதிகபட்சம் 2 ஆண்டுகள்.

2010-ல் வெளியான முடிவில் பாதி நல்ல செய்தி. பிறப்புறுப்புப் புண் 73 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி அளவும் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால், ‘ஹெர்பீஸ் மாத்திரை எச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்துகிறது’ என்று தலைப்பு போட்டிருக்கலாம். தவறும் சொல்ல முடியாது. ஆனால் துணைக்குப் பரவியது எத்தனை பேருக்கு? அசைக்ளோவிர் குழுவில் 41, போலி மாத்திரைக் குழுவில் 43. கிட்டத்தட்ட சமம்.

ஏன் இப்படி?

2009-ல் வெளியான ஒரு ஆய்வில் ஒரு விடை இருந்தது. மருந்தால் புண் ஆறி, தோல் பார்வைக்கு இயல்பாக மாறிய பிறகும் அந்த இடத்தில் சி.டி.4 செல்கள் வாரக்கணக்கில் தங்கியிருந்தன. அதாவது புண் ஆறிவிடும், எச்.ஐ.வி நுழையும் வாசல் மூடாது.

இன்னொரு விடை, தம்பதிகளிடம் நடந்த அதே பரிசோதனையின் தரவிலிருந்தே கிடைத்தது. பரவலைப் பாதியாக்க வேண்டும் என்றால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 40 சதவீதக் குறைவு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் போதாது.

வைரஸை நேரடியாக அமுக்கும் ஏ.ஆர்.டி மருந்து கொடுத்தால்? அதைச் சோதித்தது எச்.பி.டி.என் 052. 9 நாடுகளில் 1,763 தம்பதிகள். சென்னை, புனே மையங்களும் இதில் இருந்தன. 2011-ல் வந்த முடிவு: துணையிடமிருந்து பரவியதாக உறுதியான 28 தொற்றுகளில், சிகிச்சையை உடனே தொடங்கிய குழுவில் இருந்தது ஒன்றே ஒன்று. 96 சதவீதம் குறைவு. எச்.ஐ.வி உறுதியானதுமே எல்லோருக்கும் சிகிச்சை என்ற கொள்கைக்கு இது முக்கிய ஆதாரங்களில் ஒன்றானது. இந்தியா 2017-ல் அந்தக் கொள்கைக்கு மாறியது.

‘காசு வீண்தானே?’

அசைக்ளோவிர் ஆய்வுகள் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கின என்று சிலர் சொல்லலாம். சோதனையே நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். மலிவான மாத்திரை, ஏற்கத்தக்க வாதம். ஏழை நாடுகளின் சுகாதாரத் துறைகள் அதை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். மாத்திரை போடுகிறோம் என்ற தைரியத்தில் சிலர் ஆணுறையைக்கூட விட்டிருக்கலாம். அந்த ஆபத்தைத் தடுத்தது இந்தத் ‘தோல்வி’தான்.

இதில் பெரிய பங்கு, பெயர் தெரியாத அந்தத் தம்பதிகளுக்கு. தன் கையில் இருப்பது மருந்தா, போலி மாத்திரையா என்றே தெரியாமல் தொடர்ந்து வந்து ரத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். முடிவு சாதகமாக இல்லை என்பதற்காக அதை மூலையில் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

2020-ல் கொரோனா நேரத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு நடந்த கதையும் இதேதான். ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்த மருந்து என்று உலகமே தேடி ஓடியது. பிரிட்டனின் ரெகவரி பரிசோதனை அந்த ஜூன் மாதமே, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்று காட்டியது. முதல் செய்தி போன வேகத்தில் இரண்டாவது செய்தி போகவில்லை.

இதில் ஊடகங்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘மருந்து பலிக்கவில்லை’ என்ற முடிவுக்கும் அதே தலைப்பளவு, அதே நோட்டிஃபிகேஷன் கொடுக்க வேண்டும். படிக்கிறவர்களும் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். சோதனை மனிதர்களிடம் நடந்ததா, ஆய்வகத் தட்டில் நடந்ததா? எதோடு ஒப்பிட்டார்கள்? கடைசியில் அளந்தது என்ன: ரத்தத்தில் ஒரு எண்ணையா, அல்லது நோய் வந்ததா, வரவில்லையா என்பதையா?

இதைப் படித்துவிட்டு அசைக்ளோவிர் வேஸ்ட் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஹெர்பீஸ் புண்ணுக்கு அது இன்றும் நல்ல மருந்து. டாக்டர் சொன்னால் போடலாம். ஆனால் எச்.ஐ.வி-க்கு அது கவசம் ஆகாது. எச்.ஐ.வி பற்றி சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம், விவரம் ரகசியமாகவே இருக்கும். தொற்று உறுதியானால் ஏ.ஆர்.டி மருந்தும் இலவசம்.