குதிரைவெட்டி முகட்டில் நின்று



மலைக்குச் செல்வோர் இக்காலத்தில் மிகுந்துவிட்டனர். மலையடியில் வண்டியை நிறுத்தும்போதே, "எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக விழும்?" என்று வினவுவாரும் மிகுந்துவிட்டனர். அவர்களைக் குறைகூற யாம் வரவில்லை. உயர நின்று தாம் வாழும் நிலத்தைக் காண விழைவது மாந்தர்க்கு இயல்பே. ஆனால், தாம் நிற்கும் அவ்விடத்தை அவர்கள் என்ன பெயரால் அழைக்கின்றனர்? எம் வினா அதுவே.

கோடைக்கானலில் 'கோக்கர்சு வாக்கு'. குன்னூரில் 'டால்பின்சு நோசு', 'லேம்ப்சு ராக்கு'. ஏற்காட்டில் 'லேடீசு சீட்டு'. வெள்ளையன் இந்நாட்டை விட்டகன்ற பின்னரும் நம் மலைமுகடுகள் அவன் பெயரையோ, அவன் நாவில் எழுந்த பெயரையோ இன்றளவும் சுமந்து நிற்கின்றன. அவன் வருமுன்னர் அப்பாறைகளுக்குப் பெயரே இல்லையா? ஆடு மேய்த்தவனும் தேன் எடுத்தவனும் அவற்றை 'அது', 'இது' என்றா சுட்டினர்?

இந்த இழிவுக்கு ஆட்படாத ஒரு மலைத்தொடர் நெல்லை மாவட்டத்தில் உண்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணையைக் கடந்து, காட்டுத்துறையின் வாயிலில் இசைவு பெற்று ஏறினால், மணிமுத்தாற்று அருவிக்கு மேலே பாதை வளைந்து வளைந்து செல்லும். முதலில் மாஞ்சோலை. அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. முடிவில் குதிரைவெட்டி. ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில் தொடங்கிப் படிப்படியாக உயரும் மென்மையான மலைகள் இவை. மூச்சிரைக்க ஏறவேண்டிய செங்குத்துச் சிகரங்கள் அல்ல. முதியோரும் நடந்து காணத்தக்கவை. குதிரைவெட்டி முகட்டில் முகில் விலகும் நாளில் நின்றால் காரையாற்று அணைநீர் ஒருபால் ஒளிரும். கீழே பொருநை பாயும் வயல்வெளி விரியும். முகில் விலகாத நாளில் ஒன்றும் தெரியாது. யாம் சென்ற நாள் அத்தகையதே. இரண்டு நாழிகை நின்றும், கண்டது வெண்மையும் காலில் ஏறிய அட்டைகளும் மட்டுமே! அதனாற்றானோ என்னவோ, காட்சியை விடுத்துப் பெயர்களை எண்ணத் தொடங்கினோம்.

'முக்கு' என்பது நெல்லைத் தமிழில் தெரு கூடும் மூலை. நான்கு வழிகள் கூடுமிடம் நாலுமுக்கு. 'ஊத்து' என்பது ஊற்றே. தமிழகத்தில் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்றுக்கு அதனினும் பொருந்திய பெயர் உண்டோ? நம் அன்பர்களுள் சிலர் அதனை 'ஊற்று' என்று திருத்திப் பலகையில் எழுதவேண்டும் எனக் கூறக்கூடும். வேண்டா என்பதே எம் கருத்து. மழையில் நனைந்தவன் வாயில் வழங்கிய வடிவமும் தமிழே. திருத்தவேண்டியது வேறு. அவ்வூர்ப் பெயரை விடுத்து 'வியூ பாயிண்ட்' என்று பொதுப்பட எழுதும் பலகைகளையும் சுற்றுலா ஏடுகளையும் திருத்துக.

மலைக்குச் சொல் இல்லாத மொழியா நம்முடையது? குன்று, குவடு, கோடு, முகடு, சிமையம், ஓங்கல், அடுக்கம், சாரல், பொறை என அடுக்கிக்கொண்டே போகலாம். ஏறுதற்கு எளிய சிறுகுன்றைப் 'பொத்தை' என்று நெல்லைச் சிற்றூரார் இன்றும் அழைக்கின்றனரே, அது 'பொற்றை' என்னும் பழஞ்சொல் அன்றோ? இத்துணைச் செல்வம் வைத்திருப்பவன் 'வியூ பாயிண்ட்' என்று இரவல் வாங்குவது, நெற்குதிர் நிறைந்திருக்க அடுத்த வீட்டில் நொய் கேட்பது போலாம்.

இனி, இப்பெயர்களைக் காத்தவர் யாவர் என்பதைக் கூறுவோம். 1929-இல் பம்பாய் பர்மா வணிகக் குழுமம் சிங்கம்பட்டிச் சமீனிடமிருந்து 8,374 ஏக்கர் மலைநிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. காடு அழிந்தது, தேயிலை எழுந்தது. கீழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏழை எளியோர் கொண்டுசெல்லப்பட்டனர். கணக்கேடு ஆங்கிலத்தில் இருந்தது. கொழுந்து கிள்ளியவர் நாவில் தமிழே இருந்தது. எந்தச் சரிவில் பாறை வழுக்கும், எந்த ஓடை ஆடியில் பெருகும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதையெல்லாம் பெயரிட்டே அவர்கள் அறிந்திருந்தனர்.

அவர்களுக்குக் கிட்டியது என்ன? கூலி உயர்வும், சிறைப்பட்ட தம் தோழர் விடுதலையும் கேட்டு 1999 சூலை 23-ஆம் நாள் நெல்லையில் பேரணி சென்றபோது காவல்துறை தாக்கியது. பொருநை ஆற்றில் 17 உயிர்கள் மாண்டன. மாண்டோருள் ஒரு பச்சிளங்குழந்தையும் உண்டு. 2028-இல் குத்தகை முடியுமுன்பே, 2024-இல் அக்குழுமம் விருப்ப ஓய்வு என்னும் பெயரால் வேலையை முடித்துக்கொண்டு, குடியிருப்புகளை விட்டு இறங்குமாறு கூறிற்று. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமே ஏற்று நடத்தவேண்டும் என்னும் கோரிக்கையை, அவ்வாண்டு திசம்பரில் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்தவர்க்கு மலையில் ஒரு சாண் நிலமும் உரிமையாகவில்லை.

காடு மீண்டும் காடாகவேண்டும் என்பார் கூற்றை யாம் மறுக்கவில்லை. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நிலம். பொருநைக்கு நீரூட்டும் மலை. தேயிலை மூடிய சரிவில் சோலை தழைப்பின் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால், சோலை தழைக்கும்போது அச்சரிவின் பெயர் எவர் நினைவில் இருக்கும்? மக்கள் இறங்கினால் பெயரும் இறங்கிவிடும். பின்னர் வருவோன் வெற்றுப் பாறையைக் கண்டு தனக்குத் தோன்றிய பெயரைச் சூட்டுவான். இமயத்தின் உச்சியைத் திபெத்தியர் சோமோலுங்மா என்று அழைத்துவந்தனர். அதற்கு நில அளவைத் தலைவன் ஒருவனின் பெயரை 1865-இல் சூட்டினர். உலகம் இன்று அப்பெயரையே அறியும். ஆத்திரேலியத் தொல்குடியினரின் உலூரு என்னும் பெரும்பாறையோ 'அயர்சு ராக்கு' என்று ஆக்கப்பட்டு, 1993-இல் தன் பெயரையும் உடன் பெற்றது. மீட்க முடிந்ததற்குக் காரணம், அப்பெயரை அறிந்த மக்கள் அம்மண்ணில் இருந்தமையே.

மாஞ்சோலையின் பெயர்களை அறிந்தோர் இன்னும் இருக்கின்றனர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு என்று சிதறி இருக்கின்றனர். காரையாற்றுப் பக்கத்தில் காணிக்காரர் இருக்கின்றனர். அவர்கள் அறிந்தவை இன்னும் பழையனவாக இருக்கக்கூடும். அரசு செய்யும் என்று காத்திருத்தல் வேண்டா. நெல்லைப் பகுதி அன்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு வீடு என்று சென்று, பாறை, ஓடை, சரிவு, தடம், முகடு ஆகியவற்றின் பெயர்களை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதிக்கொள்க. எங்கே உள்ளது, எவ்வாறு அப்பெயர் வந்தது என்று அவர்கள் கூறுவனவற்றையும் சேர்த்தெழுதுக. தொகுத்த பட்டியலைக் காட்டுத்துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அளித்து, பலகைகளில் அப்பெயர்களையே எழுதுமாறு கேட்போம். மறுத்தால் நாமே அச்சிட்டு மலையடியில் நின்று வழங்குவோம். முதற்கண் எழுபது அகவை கடந்த மூதாட்டியரிடம் செல்க.