தாடை வலிக்குப் பல்லைப் பலி கொடுக்கலாமா?

காதுக்குப் பக்கத்தில் வலி. வாயைத் திறந்தால் "டக்" என்று சத்தம். கொட்டாவி விடவும் பயம். இப்படித் துன்பப்படுகிறவர்கள் பலர்.

சிலர் காதில் கோளாறு என்று மருந்து ஊற்றுகிறார்கள். சிலர் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று நினைத்து, நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிறார்கள். பல் போகிறது, வலி போவதில்லை! நோய் இருப்பது தாடை மூட்டில்.

மூட்டு எங்கே இருக்கிறது?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் அசைவதுதான் தாடை மூட்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இது கதவுக் கீல் போலத் திரும்பும். மேஜை டிராயர் போல முன்னாலும் நகரும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு உண்டு.

அந்தத் தட்டு இடம் மாறினால் சத்தம் கேட்கலாம். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லாவிட்டால், பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. வலியோ, பலருக்கு மெல்லும் தசைகளிலிருந்து வருகிறது. பல்லைக் கடிக்கும் பழக்கம், மனக்கவலை, தூக்கக் குறைவு ஆகியவை அதை அதிகமாக்கும்.

அமெரிக்கா கற்ற பாடம்

1934-ம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒரு கருத்தை வெளியிட்டார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை மூட்டு அழுந்திக் காதுவலி வருகிறது என்றார். பல் டாக்டர்களின் கவனம் பற்கள் பொருந்தும் விதத்தின்மேல் திரும்பியது. வலியைப் போக்கப் பற்களை ராவினார்கள். அவருடைய விளக்கம் சரியல்ல என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. ஆனால் ராவிய பல் மறுபடி வளருமா?

1980-களில் இன்னும் பெரிய துன்பம் வந்தது. பழுதான தட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டை வைத்தார்கள். மெல்ல மெல்ல அது நொறுங்கியது. அதன் துகள்களால் எலும்பு அரித்தது. 1990-ல் அமெரிக்க அரசு தலையிட்டது. அதற்குள் பலர் மீண்டும் மீண்டும் ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தது.

முதலில் எளிய வழி

2023-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு யோசனை கூறினார்கள். தாடைப் பயிற்சி, கையால் தசையைப் பிடித்துவிடுதல், மனத்தைப் பழக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கே முதலிடம் தந்தார்கள்.

வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. சில நாள் மென்மையான உணவு சாப்பிடலாம். முறுக்கு, கரும்பு வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பேசாத நேரத்தில் உதடுகள் மூடியிருக்கட்டும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

உழைக்கும்போது தாடையிலும் மார்பிலும் வலி வந்தால், அது இருதய நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் கண்பார்வைக்கே ஆபத்து நேரலாம். பாக்கு, புகையிலை, பான் மசாலா போடுகிறவருக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், புற்றுநோயின் முன்னோடியாக இருக்கக்கூடும். பல் டாக்டரிடம் காட்டத் தயங்கக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

ஆபரேஷன் தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. ஆனால் அவர்கள் சிலரே. ஆகவே பல்லை ராவவோ, பிடுங்கவோ, மூட்டை அறுக்கவோ யோசனை சொன்னால், நோயாளி தயங்காமல் கேட்க வேண்டும்: "இதைச் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? அதற்கு முன் செய்து பார்க்க வேறு வழி உண்டா?"

இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. பொறுமையாகப் பதில் சொல்வது டாக்டரின் கடமை. அந்தப் பதில் கிடைக்கும் வரையில் நல்ல பல்லில் கை வைக்க யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை.