அயல்நாட்டுக் கல்வி: அறியாமையை மூலதனமாக்கும் வணிகம்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புச் சூளை என்று பொருள். சூளைகள் மறைந்தன, அருகே குர்லாவில் 1886இல் தொடங்கப்பட்ட சுதேசி ஆலையும் மூடப்பட்டது. ஆலைகளிலும் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று பட்டம் பெற்று வேலைக்குக் காத்து நிற்கிறது. அந்தத் தலைமுறையிடம்தான் ஒரு புதிய சரக்கு விற்கப்படுகிறது: அயல்நாட்டுக் கல்வி. மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை அதை விற்போர் ‘இலவச ஆலோசனை’ என்று விளம்பரம் செய்கின்றனர்.

அந்த ஆலோசனை இலவசமானதன்று. மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்கு, முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அயல்நாட்டுக் கல்லூரியே தரகாக வழங்குகிறது. தரகு தராத கல்லூரியைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. கூடுதல் தரகு தரும் கல்லூரியே ‘மிகப் பொருத்தமான கல்லூரி’ ஆகிவிடுகிறது. நுழைவுத் தேர்வு, விருப்பக் கடிதம், வங்கிச் சான்று, விசா நேர்காணல் என்னும் நான்கு படிகளையே அந்நாட்டின் கல்விமுறை என்று அவர் சொல்லித் தருகிறார். அந்தப் படிகளுக்குப் பின்னால் உள்ள அமைப்பு மாணவருக்குத் தெரியாத வரையில்தான் இவ்வணிகம் நடக்கும்.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விவரப்படி, படிப்புக்காக நாட்டைவிட்டுச் சென்றோர் 2023இல் ஏறத்தாழ 8.9 லட்சம் பேர். 2024இல் ஏறத்தாழ 7.6 லட்சம் பேர். இவர்கள் அனைவரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் என்று கருதுவது பழைய கணக்கு. இன்று நிலத்தை அடகு வைத்தோரும், நகையை விற்றோரும், ஊதியத்தைப் பிணையாக எழுதிக் கொடுத்தோரும் பெற்ற பிள்ளைகளும் இவர்களில் உண்டு.

ஒரு நாட்டின் கல்விமுறையை அறிவதென்றால் முதலில் நான்கு கேள்விகளுக்கு விடை அறிய வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது யார்? அங்கு நுழைவுரிமை தருவது யார்? படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் உரிமை தருவது யார்? அப்பட்டத்தை இந்தியாவில் ஏற்பது யார்? இந்நான்கையும் ஒரே அலுவலகம் முடிவு செய்கிறது என்னும் மயக்கத்தையே முகவர் வளர்க்கிறார்.

கனடாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கல்வி மாகாணங்களின் அதிகாரம். படிப்பு அனுமதி கூட்டாட்சி அரசின் அதிகாரம். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குத் தனி விதிகள். மாகாணம் ஏற்ற கல்லூரியில் இடமும் கூட்டாட்சி அரசின் விசாவும் கிடைத்துவிட்டாலே வேலை அனுமதியும் கிடைத்துவிடும் என்பதில்லை. ஒன்டாரியோவில் அரசுக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து நடத்திய வகுப்புகளில் பல்லாயிரம் இந்திய மாணவர் சேர்க்கப்பட்டனர். 2024 மே முதல் அத்தகைய வகுப்புகளில் புதிதாகச் சேர்வோர் வேலை அனுமதி பெறும் தகுதியை இழந்தனர்.

ஒன்டாரியோ ஏன் அந்த வழிக்குச் சென்றது? 2019இல் மாகாண அரசு உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து அதன்பின் உறையவைத்தது. கட்டணக் குறைப்பு நல்லதே. ஆனால் அதனால் ஏற்பட்ட இழப்பை அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்யவில்லை. கல்லூரிகள் அயல்நாட்டு மாணவரிடம் திரும்பின. 2020-21இல் அம்மாகாணத்தின் அரசுக் கல்லூரிகளில் அயல்நாட்டு மாணவர் 30 விழுக்காடு. மொத்தக் கட்டண வருவாயிலோ அவர்கள் செலுத்தியது 68 விழுக்காடு. இது மாகாணத் தலைமைத் தணிக்கையாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கை தரும் கணக்கு. அரசு விட்டுச்சென்ற பள்ளத்தைப் பஞ்சாபின் வயலும் தமிழரின் நகையும் நிரப்பின என்பதே இதன் பொருள்.

பின்னர் வீட்டு வாடகை ஏறியது. அதற்குக் குடியேறியோரே காரணம் என்னும் குரல் எழுந்தது. 2024 ஜனவரியில் கனடா அரசு படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்து, முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. கட்டணம் வசூலித்த கல்லூரியும் தரகு பெற்ற முகவரும் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. கடன் மட்டும் குடும்பத்தின் தலையில் நின்றது.

2023இல் பஞ்சாபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர், முகவர் கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலியானது என்னும் காரணத்தால் கனடாவிலிருந்து நாடுகடத்தலை எதிர்நோக்கினர். அக்கடிதத்தை நம்பி விசா வழங்கியது அந்நாட்டு அரசே. அவர்கள் தெருவில் இறங்கிப் பல நாட்கள் போராடிய பின்னரே, ஏமாற்றப்பட்டோர் மீதான நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. அவர்களைக் காத்தது அவர்களது ஒன்றுபட்ட போராட்டமே.

பிரிட்டனின் வரலாறும் இதையே காட்டுகிறது. அயல்நாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் என்னும் வேறுபாட்டை 1967இல் கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசு. 1980இல் தாட்சர் அரசு முழுச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்றாக்கியது. பின்னர் 1998இல் உள்நாட்டு மாணவருக்கும் கட்டணம் வந்தது; 2012இல் இங்கிலாந்தில் அது ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. அயலாரிடம் முதலில் ஒத்திகை பார்க்கப்பட்ட கொள்ளை, பின்னர் சொந்த நாட்டுத் தொழிலாளியின் வீட்டுக் கதவையும் தட்டியது. உள்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு இன்றும் உச்சவரம்பு உண்டு. அயல்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு இல்லை. 2021இல் படிப்புக்குப் பின் இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம் என்று அழைத்த அந்நாடு, 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர் குடும்பத்தை அழைத்துவரத் தடை விதித்தது; 2027 முதல் அந்த இரண்டாண்டையும் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறது.

‘ஜெர்மனியில் கல்வி இலவசம்’ என்பது இன்னொரு விளம்பரம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. அங்கு மாணவர் இயக்கம் போராடிக் காத்த உரிமை அது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதிக்கிறது. கட்டணமே இல்லாத இடத்திலும் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக ஏறத்தாழ 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். அது பத்து லட்ச ரூபாய்க்கு மேல். இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று மட்டும் அங்கே நேரடியாகப் பட்டப்படிப்பில் சேரப் பொதுவாகப் போதாது. ‘இலவச ஜெர்மனி’ என்று பேசத் தொடங்கும் முகவர், இறுதியில் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் நடக்கிறது.

மருத்துவக் கல்வியின் கதை இன்னும் கொடியது. 2022இல் போர் மூண்டபோது உக்ரைனில் ஏறத்தாழ 18,000 இந்திய மாணவர் இருந்தனர். உள்நாட்டில் அரசு இடங்கள் போதாமையும் தனியார் கல்லூரிகளின் கட்டணமும் துரத்தியே அவர்கள் அங்கு சென்றனர். 2021ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகளோ, 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிக் கற்பித்தல், அந்நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி ஆகிய அனைத்தையும் கேட்கின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆறாண்டு உழைப்பு வீண். இதைச் சேரும்போதே சொல்ல வேண்டிய கடமை எந்த முகவருக்கும் இல்லை.

ஏன் இல்லை? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவரைப் பதிவுசெய்யச் சொல்கிறது. படிப்புக்கு ஆள் அனுப்பும் முகவர் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. வளைகுடாவுக்குக் கொத்தனாரை அனுப்புவோருக்கு உரிமம் வேண்டும். கனடாவுக்கு அக்கொத்தனாரின் மகளை அனுப்புவோருக்கு வேண்டாம்.

கடன் வாங்குவதிலும் சுனாபட்டிக் குடும்பம் மற்றவர்க்கு நிகராக நிற்க முடியாது. பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்கிறது. மனைப்பட்டா இல்லாத குடிசைக்கும், அதானி குழுமத்தின் மறுசீரமைப்புத் திட்டத்தால் நாளை எங்கிருக்கும் என்று தெரியாத தாராவி வீட்டுக்கும் எந்த வங்கி கடன் தரும்? ஆகவே ஊரிலுள்ள பங்கு நிலம் அடகுக்குப் போகிறது; அல்லது கூடுதல் வட்டிக்குத் தனியார் நிதி நிறுவனம் வருகிறது.

பொது நிதி எங்கே போயிற்று? பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 பேருக்கு உரியது. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் ஆணை கிடைத்தது. மற்றவர் நிதி வரும்வரை காத்திருக்குமாறு சொல்லப்பட்டனர். அதற்கு முன்பே, 2022இல், இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி இல்லை என்று விதி மாற்றப்பட்டது.

1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார் அம்பேத்கர். 1916இல் அங்கே அவர் படித்த ஆய்வுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. உதவிக்காலம் முடிந்து 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய அவர், பம்பாய் சிடனம் கல்லூரியில் கற்பித்துச் சேர்த்த பணம், நண்பரின் கடன், கோலாப்பூர் சாகு மன்னரின் உதவி ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் கப்பலேறினார். ஒரு சமஸ்தானம் அன்று பணம் கொடுத்த ஆய்வுப்பொருளுக்கு, அவர் வரைந்த அரசியல் சட்டத்தின் பெயரால் ஆளும் அரசு இன்று பணம் மறுக்கிறது.

மும்பைத் தமிழ்த் தலித் மாணவரின் நிலை இதனினும் இடுக்கானது. பட்டியல் சாதித் தகுதி மாநிலவாரியானது. ஆந்திரத்திலிருந்து தந்தையுடன் பம்பாய்க்கு வந்து வளர்ந்த பழங்குடி மாணவர் ஒருவர், பரேலிலுள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரிய வழக்கில், சொந்த மாநிலத்தின் தகுதி குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாளுக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் கேட்கப்படுகிறது. நடைபாதையிலும் குடிசையிலும் தொடங்கிய குடும்பத்திடம் அந்த ஆவணம் எங்கிருந்து வரும்? மகாராஷ்டிர அரசின் ராஜர்ஷி சாகு மகராஜ் அயல்நாட்டுக் கல்வி உதவி அம்மாநிலத்தாருக்கு. தமிழ்நாட்டு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவி தமிழ்நாட்டாருக்கு. இரு மாநிலங்களின் வாசலிலும் நின்று, இரண்டிலும் அயலாராகிறார் சுனாபட்டி மாணவர். சாதி மட்டும் அவருடன் எல்லை கடந்து வந்துவிடுகிறது.

இதற்கு ஒன்றிய அரசு தரும் விடை, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களையே இங்கு அழைத்துவருவது. 2025 ஜூனில் அபர்தீன், யார்க் உள்ளிட்ட ஐந்து அயல்நாட்டு நிறுவனங்களுக்கு நவி மும்பையில் வளாகம் தொடங்க விருப்பக் கடிதங்கள் வழங்கப்பட்டன. கட்டணத்தையும் சேர்க்கை முறையையும் அவையே முடிவு செய்துகொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. இடஒதுக்கீட்டை அவ்விதிகள் கட்டாயமாக்கவில்லை. மான்கூர்டு பாலத்தைக் கடந்தால் பிரிட்டன் பட்டம் கிடைக்கும். கடக்கும் விலைதான் செம்பூர்த் தொழிலாளியிடம் இருக்காது. தேசிய வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கக் கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்தது. அறுபது ஆண்டுகளாக எட்டப்படாத அந்த இலக்கைப் பற்றிப் பேச விரும்பாதவர்களே வளாகத் திறப்பு விழாக்களில் மகிழ்கின்றனர்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு கருத்து உலவுகிறது: அயல்நாட்டுப் படிப்பு நடுத்தர வர்க்கத்தின் தனிப்பட்ட ஆசை, அதில் கட்சிக் கிளைக்கு வேலையில்லை என்பது. இக்கருத்து தவறானது. பாட்டாளியின் பிள்ளை உலகைக் கற்பதை இடதுசாரி இயக்கம் என்றும் ஆசையென்று இகழ்ந்ததில்லை. 1960இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்டு மறு ஆண்டு பாட்ரிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகமும், 1999இல் கியூபா தொடங்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியும் ஏழை நாடுகளின் மாணவருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தன. எல்லை கடந்த கல்வி, சந்தையாக மட்டுமே இருக்க முடியும் என்பது விதியன்று. மேலும், கிளை விலகி நின்றால் அந்த இடம் காலியாக இராது. அங்கே முகவர் அமர்வார்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கல்வி முகவர்கள் அனைவரையும் பதிவு செய்து, பெறும் தரகை மாணவருக்கு எழுத்தில் அறிவிக்கச் சட்டம் வேண்டும். தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் இடங்கள் பன்மடங்கு பெருக வேண்டும். ஆய்வுப்பொருள் மீதான தடை நீங்க வேண்டும். குடிபெயர்ந்த தலித், பழங்குடி மாணவர் ஏதேனும் ஒரு மாநிலத்தின் உதவியையாவது உரிமையுடன் பெற, இரு மாநில அரசுகளும் ஒன்றிய அரசும் வழிகாண வேண்டும். உள்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இடங்கள் பெருக வேண்டும்.

கிளைகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுனாபட்டி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் கிளைகள் மாணவர், வாலிபர் அமைப்புகளுடன் இணைந்து, மாதம் ஒருமுறை தமிழில் விளக்கக் கூட்டம் நடத்தலாம். கையொப்பமிடுமுன் ஒவ்வொரு குடும்பமும் முகவரிடம் மேற்கண்ட நான்கு கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறச் செய்யலாம். அவ்விடைகளை அந்தந்த அரசுகளின் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம். எழுத்தில் தர மறுக்கும் முகவரின் பெயரைக் கிளை குறித்து வைத்துக்கொள்ளட்டும்.