வடம் என்ற ஒரு சொல்

"கடலே பார்க்காத ஊர்ல கப்பல் கதை எதுக்குங்க?" என்று நம்மிடம் கேட்டார் ஒரு தந்தையார்.

கேட்ட இடம் பொங்கலூர். பல்லடத்திலிருந்து காங்கயம் செல்லும் நெடுஞ்சாலையில், விசைத்தறிக் கூடங்களும் தென்னந்தோப்புகளும் கோழிப்பண்ணைகளும் சூழ்ந்த ஊர். விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் வந்து நம் தாய்மாரையும் இளைஞரையும் திருப்பூருக்கு ஏற்றிச் செல்கின்றன. வேலை மிகுந்த நாட்களில் அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் பாதி உறக்கத்தில் இருப்பர். அத்தகைய இல்லம் ஒன்றுக்குச் சென்ற மாதம் விருந்தினராகச் சென்றிருந்தோம்.

அவ்வீட்டின் மூத்த மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பழைய பேப்பர்க் கடைக்குப் போகவிருந்த கட்டிலிருந்து அவள் ஒரு நூலை எடுத்து வைத்திருந்தாள். அதற்கு அட்டை இல்லை. முதற் பக்கங்களும் இல்லை. ஆகவே நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் எவருக்கும் தெரியாது. புயலில் சிக்கிய மரக்கலம் ஒன்றிலிருந்து தப்பிய மூன்று சிறுவர்கள் ஒரு தீவில் அலைந்து திரியும் கதை அது. புரியாத சொற்களை எல்லாம் அவள் ஓர் அட்டைத் துண்டில் எழுதி வைத்திருந்தாள்: நங்கூரம், சுக்கான், பாய்மரம், கலங்கரை விளக்கம், வடம்.

தாயார் வேலை முடிந்து வந்து அமர்ந்ததும், "அம்மா, வடம்னா என்னம்மா?" என்று கேட்டாள். "பரீட்சைக்குப் படிக்கிறத விட்டுட்டு என்ன கதை வேண்டிக் கிடக்குது? மூடி வை அதை" என்று சினந்து விழுந்தார் அந்த அம்மையார். சிறுமி நூலை மூடிவிட்டாள். அவள் முகமும் வாடிவிட்டது.

சிறிது நேரங்கழித்து அந்த அம்மையாரே நம்மிடம் மனந்திறந்து பேசினார். "என்னை எட்டாவதோட நிறுத்திக் கம்பெனிக்குக் கைமடிக்க அனுப்பிட்டாங்க. அவ கேட்கிறது எனக்குத் தெரியலீங்க. தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. அதுதான் கோபமா வந்திருச்சு."

இச்சொற்களைக் கேட்டபோது நம் நெஞ்சம் கனத்தது. நம் பங்குக் குடும்பங்களில் பிள்ளைகளின் வினாக்களை அடக்கிவிடும் சினத்தின் வேர் பல வேளைகளில் இதுதான். அது பிள்ளையின் மேலுள்ள வெறுப்பன்று. நமக்குக் கிடைக்காமற் போன கல்வியைக் குறித்த கூச்சமே அது. ஆனால் பிள்ளைக்கு அது தெரியுமா? 'கேள்வி கேட்பது தவறு' என்றல்லவா அது கற்றுக்கொள்ளும்!

அவ்வேளையில் திண்ணைக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் எழுந்து அமர்ந்தார். பள்ளி வாசலை மிதித்தறியாதவர். "வடம்னா தெரியாதா கண்ணு? நாங்க கவலை ஓட்டுனமே, அந்த வடக்கயிறுதான்" என்றார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கலானார். எருதுகள் வாரியில் இறங்கும்; கிணற்றிலிருந்து பறி நிறையத் தண்ணீர் மேலேறும்; அவ்வளவு பாரத்தையும் தாங்குவது வடக்கயிறு; பறியின் வாலைப் பிடித்திருந்து, மேலே வந்ததும் தண்ணீரை வாய்க்காலில் விழச் செய்வது வால்கயிறு.

"அப்ப கப்பல்லயும் கவலைக் கயிறுதானுங்களா அப்பாரு?" என்றாள் சிறுமி.

"பாரம் தாங்குற பெருங்கயிறெல்லாம் வடந்தான் கண்ணு. தேர் இழுக்கிறதும் வடந்தானே?"

மின்சார மோட்டார் வந்தபின் கவலை மறைந்தது. கவலையோடு பறியும் வாரியும் வால்கயிறும் பேச்சிலிருந்து நழுவிவிட்டன. அச்சொற்களுள் ஒன்றை, பெயரறியாத ஒரு கப்பல் கதை அன்று அந்த வீட்டுத் திண்ணைக்குத் திருப்பிக் கொண்டு வந்தது. கடல் காணாத ஊருக்குக் கப்பல் கதை எதற்கு என்ற வினாவிற்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

கதையின் வழியே சொல்லைக் கற்பது நமக்குப் புதிய வழியன்று. 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் முப்பது வயதளவில் இந்திய மண்ணை மிதித்தவர். தமிழில் ஓரெழுத்தும் அறியாது வந்தவர், 1732-இல் சதுரகராதியை நமக்கு அளித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளில், சொற்களை அகர வரிசையில் அடுக்கிய நூல் அது. ஆயினும் அகராதி மட்டும் போதாது என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார். தமிழ் பயில்வோருக்கென்றே பேச்சுத் தமிழில் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார்.

ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த சீடர்களை யார் மறப்பார்? அவர்களுடைய பெயர்களைக் கவனியுங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அறிவின்மையைக் குறிக்கும் பல சொற்கள் ஒரே சிரிப்பில் மனத்தில் பதிந்துவிடுகின்றன! 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இக்கதையை மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியலுடனும் இலண்டனில் அச்சிட்டார். அவர் தந்த ஆங்கிலத் தலைப்பின் பொருளே 'குரு பரமார்த்தனின் சாகசங்கள்' என்பதாகும்.

நம் கொங்கு நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர் பெ. தூரன். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகிப் பத்துத் தொகுதிகளை உருவாக்கினார்; குழந்தைகளுக்கெனத் தனியாக மேலும் பத்துத் தொகுதிகள் அவர் பொறுப்பில் வெளிவந்தன. அறிவியலைத் தமிழில் சொல்வதற்கு வேண்டிய சொற்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அதே கை, 'கொல்லிமலைக் குள்ளன்', 'மாயக்கள்ளன்' போன்ற சிறுவர் கதைகளையும் எழுதியது. அத்துணைப் பெரிய அறிஞர் சாகசக் கதையை இழிவாக எண்ணவில்லை என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

அப்படியானால், கதை நூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு நாம் எவ்வாறு துணை நிற்பது?

முதலாவது, ஒவ்வொரு சொல்லுக்கும் கதையை நிறுத்த வேண்டாம். புயல் வீசும் பக்கத்தில் அகராதியைப் புரட்டச் சொன்னால் புயலும் போகும், படிக்கும் ஆவலும் போகும். முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கொண்டு பொருளை ஊகிக்க விடுவோம். 'சுக்கானைத் திருப்பியதும் கலம் வடக்கே திரும்பியது' என்று இருந்தால், கலத்தைத் திசை திருப்பும் கருவி சுக்கான் என்பது குழந்தைக்கே விளங்கும்.

இரண்டாவது, ஊகித்ததை எழுதி வைத்துப் பின்னர்ச் சரிபார்க்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இன்று அதனைக் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். எந்நேரமும் வீட்டில் ஒளிரும் அக்கருவிக்கு இப்படியும் ஒரு நற்பணி இருக்கட்டுமே!

மூன்றாவது, கற்ற சொல்லை அன்றே வீட்டுப் பேச்சில் ஒரு முறையேனும் வழங்க வேண்டும். வழங்காத சொல் பூட்டிய பெட்டியிலுள்ள காசு போன்றது.

நான்காவதே மிக முக்கியமானது. தெரியாததைத் 'தெரியவில்லை' என்று சொல்லப் பெற்றோர் தயங்கலாகாது. 'எனக்கும் தெரியலை கண்ணு, அப்பாருவைக் கேட்கலாம் வா' என்று ஒரு தாய் சொன்னால், அவருடைய மதிப்புக் குறையாது. அறியாமை வெட்கப்படத்தக்கதன்று, தேடாமலிருப்பதே குறை என்னும் பெரும் பாடத்தை அன்று அவர் கற்பித்தவர் ஆவார்.

மேலும், நமக்குத் தெரிந்த சொற்கள் குறைவு என்று யார் சொன்னது? தறி ஓட்டும் தந்தைக்குப் பாவும் ஊடையும் தெரியும். பனியன் கம்பெனித் தாய்க்குக் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என ஒரு சட்டை உருவாகும் வழி முழுவதும் தெரியும். பெரியவர்களுக்குக் கிணறும் காடும் தெரியும். இவையெல்லாம் பள்ளி நூலில் இடம்பெறாத செல்வங்கள். பிள்ளை நூலிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டு வரட்டும். நாம் நம் உழைப்பிலிருந்து ஒரு சொல்லைக் கொடுப்போம்.

நாம் விடைபெறும் வேளையில் இரவுச் செபம் முடிந்திருந்தது. தாயார் மகளிடம், "அந்தப் புத்தகத்தை எடு. விட்ட இடத்துல இருந்து சத்தமாப் படி, நானும் கேட்கிறேன்" என்றார். சிறுமி நூலை விரித்தாள். ஐந்தாறு வரி கடந்ததும் தடுமாறி நின்றாள். தாயார் அருகே நகர்ந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, தாமே அடுத்த சொல்லைப் படித்தார்: "ந...ங்...கூ...ரம்."

"அப்படின்னா என்னம்மா?"

"தெரியலை கண்ணு. படி, பார்க்கலாம்."

கப்பல் கதை எதற்கு என்று கேட்ட தந்தையாரும் அப்போது வாயிற்படியில் வந்து அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.